காய்ச்சல் வந்ததும் தயிர்ப் பானை வாய் மூடியதும்

அந்தக் காலத்தில் தயிர்ப் பானைக்கு வாய் இருந்தது. இப்போதும்தான் இருக்கிறது, அதில் கரண்டி போகும், கை போகும், நாம் அசந்தால் பூனைத் தலையும் போகும். நான் சொல்வது பேசுகிற வாய். ஆடும் மாடும் பேசிய காலம் அது. கண்ணுக்குத் தெரிந்தவை மட்டும்தான் பேசின என்று நினைத்துவிடக் கூடாது. கண்ணுக்கே தெரியாத சின்னஞ்சிறு உயிர்கள் அவற்றைவிட அதிகமாகப் பேசின. அவற்றில் சரியான வாயாடி என்று பெயர் வாங்கியவள் புளிச்சி.

புளிச்சி தயிர்ப் பானையில் குடியிருந்தாள். பாலைத் தயிராக்குவது அவள் வேலை. ஒருத்தி என்று சொல்கிறேனே தவிர, ஒரு பானைக்குள் அவள் எத்தனை பேர் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பேசும்போது ஒரே குரல்தான் வரும்.

இருளாயி கல்யாணமாகிக் காட்டோரத்து இடையர் குடியிருப்புக்கு வந்தபோது, அவளுடைய அம்மா ஒரு சிரட்டையில் உறைமோர் ஊற்றி, துணியால் வாய் கட்டிக் கையில் கொடுத்தனுப்பினாள். அந்தச் சிரட்டையில் வந்தவள்தான் புளிச்சி. இருவரும் ஒரே வீட்டிலிருந்து புறப்பட்டு வந்தவர்கள் என்பதால் இருளாயி அவளுக்கு அக்கா. இருளாயியின் மகன் காயாம்புவுக்கு அவள் சித்தி.

"அக்கா, பாலு இன்னும் ஆறல. என்னை அவிக்கப் பாக்கிறியா?" என்று தினமும் சண்டை பிடிப்பாள் புளிச்சி.

"விரலை விட்டுப் பாத்துட்டுத்தான்டி ஊத்துறேன்."

"உன் விரலு அடுப்புல கெடந்து மரத்துப்போன விரலு. அதை நம்பி நான் எறங்கணுமாக்கும்."

இருளாயி சிரித்துக்கொண்டே பாலை ஆற்றுவாள். அந்த வீட்டில் அவள் சிரித்தது அந்தப் பானைப் பக்கம் நின்றபோது மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் அவள் கண் மகன் மீதே இருக்கும்.

காயாம்புவின் ரத்தம் உறையாது. நமக்கெல்லாம் எங்காவது சிராய்த்தால் கொஞ்ச நேரம் ரத்தம் வரும், பிறகு கட்டிக்கொண்டு பொருக்குத் தட்டும். அவனுக்கு அப்படி இல்லை. ஒரு பால் பல் விழுந்ததற்கே அவன் வெளுத்துப்போய்க் கிடந்தான், பிழைப்பானா என்று ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. அதிலிருந்து இருளாயி வீடெங்கும் வைக்கோல் பரப்பினாள். அம்மிக்குழவியைக்கூடத் துணி சுற்றி வைத்தாள். மற்றப் பிள்ளைகள் மரமேறிக் குதிப்பதை அவன் வாசலில் உட்கார்ந்து பார்ப்பான். அவனுடைய அப்பா சடையன் மாடுகளை ஓட்டிக்கொண்டு காட்டுக்கு அப்பால் கிடை போட்டு, இரவில் மாடுகளோடு அங்கேயே தங்கியிருந்தார். எப்போதாவதுதான் வீட்டுக்கு வருவார். மற்றப் பையன்கள் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோவார்கள், கிடையிலேயே தங்குவார்கள். காயாம்புவுக்கு அந்த ஒரே ஆசைதான் இருந்தது. தன் காலால் நடந்து அப்பாவின் கிடைக்குப் போக வேண்டும். வழி முழுக்க முள், கல். அதற்கு அவன் ஆசைப்படலாம், அவ்வளவுதான்.

அவன் தயிர்ப் பானை விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு கேட்பான்: "சித்தி, கிடையில எல்லா மாடும் படுத்த பிறகு மணிச் சத்தம் எப்படி இருக்கும்?"

"எனக்கென்னடா தெரியும்? நான் பானைக்குள்ள பெறந்து பானைக்குள்ள வளந்தவ. நீ போயிட்டு வந்து சொல்லு, நான் கேட்டுக்கிறேன்."

"எப்பப் போவேன்?"

"போவடா, போவ" என்பாள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. உயிருள்ள எல்லாவற்றுக்குள்ளும் பாசிமணி மாலை மாதிரி ஒரு பாசிக்கோவை இருக்கிறது. வெள்ளை, பச்சை, சிவப்பு, கறுப்பு என்று நாலு நிறப் பாசிகள். எந்தப் பாசிக்குப் பிறகு எந்தப் பாசி என்கிற வரிசையில்தான் அந்த உயிருக்குத் தெரிந்த வேலை எல்லாம் அடங்கியிருக்கிறது. மனிதர்களின் கோவை நீளமானது. இரண்டு நுனி உண்டு, நுனியில் குஞ்சம் உண்டு. சின்னஞ்சிறு உயிர்களின் கோவை வளையம். தொடக்கமும் கிடையாது, முடிவும் கிடையாது. உடம்புக்குள் விளக்கு ஏது? அங்கே வேலை செய்கிறவர்கள் இருட்டில் பாசிகளை விரலால் தடவித் தடவித்தான் சேதியைத் தெரிந்துகொள்கிறார்கள். காயமான இடத்தில் ரத்தத்தைக் கட்டுவதற்கு நூல் முறுக்குகிறவர்கள் என்று சிலர் இருக்கிறார்கள். அவர்கள் தடவிப் பார்க்க வேண்டிய இடத்தில், காயாம்புவின் கோவையில், சில பாசிகள் உதிர்ந்து போயிருந்தன. பிறக்கும்போதே அப்படி.

உடம்புக்கு ஒரு காவல்காரனும் உண்டு. ஆயிரங்கையன் என்று பெயர். பெயருக்கு ஏற்ற கைகள். யார் உள்ளே வந்தாலும் ஒரு கையால் பிடித்து, அவர்களுடைய பாசியைத் தடவி, "வாங்க, வாங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவான். அந்தக் காலத்தில் அவனுக்கு வேறு வேலை தெரியாது. அதனால் அந்தக் காலத்தில் காய்ச்சல் என்று ஒன்றும் கிடையாது.

ஒரு சாயங்காலம் தூரத்தில் மணிச் சத்தம் கேட்டது. அப்பாவாக இருக்குமோ என்று காயாம்பு வாசலைத் தாண்டி ஓடினான். உள்ளங்காலில் உடைமரத்து முள் ஏறிவிட்டது.

ரத்தம் நிற்கவில்லை. இருளாயி சாம்பல் அப்பினாள், தழை கசக்கி வைத்தாள், சேலையைக் கிழித்துக் கட்டினாள். துணிதான் நனைந்தது. பையன் உதடு வெளுக்க ஆரம்பித்தது. அவள் வாயில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தது. "உறைய மாட்டேங்குதே... உறைய மாட்டேங்குதே..."

பெரிய பானைப் பாலும் ஒரு கரண்டி உறை ஊற்றினால் உறைந்துவிடுகிறது. கையளவுக் காலிலிருந்து வருகிற ரத்தம் உறையாதா? இருளாயி பானைக்கு ஓடினாள், ஒரு கரண்டி தயிரை அள்ளினாள், கட்டை அவிழ்த்து அதைக் காயத்துக்குள் ஊற்றினாள்.

"அக்கா! இது பாலில்ல!" என்று கரண்டியிலிருந்து கத்தினாள் புளிச்சி. அதற்குள் உள்ளே போய்விட்டாள்.

ஆயிரங்கையன் அவளைப் பிடித்து வளையத்தைத் தடவினான். "வாங்க, வாங்க" என்றான். அவள் மிரண்டுபோய்ச் சுற்றிப் பார்த்தாள். நூல் முறுக்குகிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கையில் காயாம்புவின் கோவை. உதிர்ந்த இடத்துக்கு வந்ததும் அவர்கள் விரல் நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து தடவுவார்கள், அதே இடத்தில் மறுபடி நிற்பார்கள். வேலை செய்ய மனமில்லாதவர்கள் அல்ல, சேதி கிடைக்காதவர்கள். புளிச்சி அதைப் பார்த்துக்கொண்டாள். வெளியே வழிந்த ரத்தத்தோடு வந்து கரண்டியில் ஏறினாள்.

"அக்கா, உன் உறை வேற, என் உறை வேற. சொல்லு ஒண்ணுதான், வேலை ரெண்டு. நான் உறைய வச்சா இவன் ரத்தம் புளிச்சுல்ல போவும்!"

"அப்ப என்னதான்டி செய்ய? நான் பாத்துக்கிட்டே இருக்கவா?"

"உன் ரத்தம் உறையுதுல்ல?"

"உறையும்."

"ஒரு சொட்டு குடு."

இருளாயி மகன் காலில் குத்திய அதே முள்ளை எடுத்துத் தன் விரலில் குத்தினாள். பானையில் ஒரு சொட்டு விழுந்தது. புளிச்சி அந்தச் சொட்டிலிருந்து இருளாயியின் கோவையைத் தேடி எடுத்தாள். நூல் முறுக்கும் சேதி இருந்த பகுதியைப் பார்த்துப் பார்த்துப் பாசி கோத்தாள். தன்னுடைய வளையத்தை ஓரிடத்தில் அறுத்து, அந்தப் பகுதியை நடுவே வைத்து முடிச்சுப் போட்டாள். ஒரு வளையம் செய்தால் திரும்பிப் பார்ப்பதற்குள் பத்தாகும். அது அவர்கள் குலத்துக்கு வாய்த்த வித்தை. அக்கா வாயைத் திறந்து கேட்பதற்குள் வளையங்கள் தயாராகிவிட்டன.

தயிரின் தெளிவில் ஒரு துளியாக அவை காயத்துக்குள் இறங்கின. நூல் முறுக்குகிறவர்கள் தடவினார்கள். அம்மாவின் சேதி விரலில் பட்டது. நின்றுபோன கைகள் நகர்ந்தன.

ரத்தம் நின்றது. மறுநாள் பொருக்குத் தட்டியது. இருளாயி அந்தப் பொருக்கை யாரும் தொடக் கூடாது என்று சொன்னாள், ஆனால் யாரும் பார்க்காமல் போகவும் விடவில்லை. தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு மகனின் உள்ளங்காலைக் காட்டினாள். வைக்கோலை வாரி மாட்டுக்குப் போட்டாள். "கால் ஆறட்டும். கிடைக்குப் போலாம்" என்று அவளே தன் வாயால் சொன்னாள். அதைக் கேட்டுக் காயாம்பு அன்றைக்கு முழுவதும் சாப்பிடவே இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

கால் ஆறுவதற்குள் வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். முள் குத்திய துளை வழியாக அழுகலான்கள் உள்ளே நுழைந்தார்கள். எதைத் தொட்டாலும் அழுக வைக்கிற கூட்டம் அது. ஆயிரங்கையன் கை நீட்டினான்.

"நாங்க புளிச்சி வீட்டு ஆளுங்க. தடவிப் பாருங்க, எங்ககிட்டயும் வளையந்தான்" என்றார்கள்.

அவன் தடவினான். வளையம்தான். "வாங்க, வாங்க" என்றான்.

கால் வீங்கியது, பிறகு கறுத்தது. நாற்றம் வீட்டை நிறைத்தது. காயாம்பு கண் திறக்கவில்லை. உள்ளே நடக்கிற கொள்ளையைப் பார்த்து ஆயிரங்கையன் வெலவெலத்துப்போனான். காயத்தின் வாய்க்கு வந்து குரல் கொடுத்தான். இருளாயி பானையை மகனின் கால் பக்கம் இழுத்து வைத்தாள்.

"புளிச்சி, உன் ஆளுங்கன்னு சொல்லித்தானே வந்தாங்க!" என்றான் ஆயிரங்கையன்.

"என் ஆளுங்களா? அவனுக என் பானைக்குள்ள காலை வச்சா நானே புளிப்பைக் காட்டி வெரட்டிப்புடுவேன். நீங்க ஏன் அண்ணே விட்டீங்க?"

"எல்லாம் பாசிதானே தாயி? எங்க ஊருப் பாசியும் அதே நாலு நிறம், அவனுக பாசியும் அதே நாலு நிறம். கண்ணில்லாத எடத்துல நான் தொட்டு எப்படிப் பிரிச்சறிய?"

புளிச்சி பேசவில்லை. அவள் பிறந்ததிலிருந்து பேசாமல் இருந்தது அப்போதுதான். அவளுக்கு வழி தெரியும். அந்த வழியைச் சொன்னால் யார் யார் வெளியே போவார்கள் என்பதும் தெரியும்.

இருளாயி பானைக்குள் எட்டிப் பார்த்தாள். "தெரிஞ்சா சொல்லிடுடி. எம்புள்ளை போயிருவான்டி."

"சொல்றேன்க்கா" என்றாள் புளிச்சி. "அண்ணே, உங்க ஊருக் கோவையில வெள்ளைப் பாசிக்கு அடுத்தாப்புல பச்சை வர்ற எடத்தைத் தேடுங்க. அந்த வெள்ளை மேல ஒரு துளி மெழுகு வைங்க. எல்லாக் கோவையிலயும் வைங்க, ஒரு எடம் விடாம. எங்க குலத்துல அப்படி மெழுகு வைக்கிற பழக்கமே கெடையாது. பெருகுற அவசரத்துல எங்களுக்கு அதுக்கெல்லாம் எங்க நேரம்? எங்க வளையம் முழுக்க அந்த ஜோடி வெறுமையாத்தான் நிக்கும். மெழுகில்லாத ஜோடி விரலைக் குத்தும். குத்துச்சுன்னா வெளியாளு."

ஆயிரங்கையன் யோசித்தான். "அப்படின்னா நீ அனுப்பின வளையம்?"

"அதுவும் குத்தும்."

"அதை வச்சுத்தானே புள்ளைக்கு ரத்தம் உறையுது?"

"புள்ளை இருந்தாத்தானே அண்ணே ரத்தம்."

ஆயிரங்கையன் தன் ஊர்க் கோவைகள் எல்லாவற்றிலும் மெழுகு வைத்தான். பிறகு ஆயிரம் கைகளையும் நீட்டி, அகப்பட்டதை எல்லாம் பிடித்துத் தடவினான். வழுவழுப்பாக இருந்ததை விட்டான். விரலில் குத்தியதும் பறையை எடுத்து அடித்தான். அந்த உடம்பில் பறை அடித்தது அதுதான் முதல் முறை. எல்லா வாசலிலிருந்தும் ஆட்கள் எழுந்து ஓடி வந்தார்கள். அத்தனை பேர் ஓடிய ஓட்டத்தில் உடம்பு சூடேறியது.

"அய்யோ, அடுப்பு மாதிரி கொதிக்குதே!" என்று அலறினாள் இருளாயி. காய்ச்சலை அவள் கண்டதில்லை. யாருமே கண்டதில்லை.

"கொதிக்கட்டும்க்கா. பாலுகூடக் கொதிச்சாத்தான் கெடாம இருக்கும்" என்றாள் புளிச்சி.

அழுகலான்கள் விழுந்தடித்து ஓடினார்கள். அவர்களோடு புளிச்சியின் வளையங்களும் பிய்த்து எறியப்பட்டன. காயாம்பு கண் திறந்து தண்ணீர் கேட்டான். இருளாயி அழுத அழுகை சந்தோஷமா துக்கமா என்று அவளுக்கே தெரியவில்லை. சில நாள் கழித்து அவன் முழங்கை சுவரில் உரசியது. ரத்தம் பழையபடி லேசில் நிற்காமல் வந்தது. வீட்டுக்குள் திரும்பவும் வைக்கோல் வந்தது.

ஆயிரங்கையனுக்கும் மனசு கேட்கவில்லை. "உன் வளையத்துக்கும் நானே மெழுகு வச்சு உள்ள எடுத்துக்கிறேன் தாயி" என்று சொல்லி அப்படியே செய்து பார்த்தான். நூல் முறுக்குகிறவர்கள் அதை வாங்கித் தடவிவிட்டு, "எல்லா எடமும் மொழுமொழுன்னு இருக்கு, ஒண்ணும் வெளங்கல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சின்னஞ்சிறு உயிர்களின் வளையத்தில் அந்த ஜோடிகள் அவ்வளவு நெருக்கம். மெழுகு வைத்தால் வளையமே ஊமையாகிவிடும். வைக்காவிட்டால் பறை முழங்கும்.

ஒரே வழிதான் இருந்தது. அந்த ஜோடியே இல்லாத வளையம் வேண்டும்.

புளிச்சி பானைக்குள் உட்கார்ந்து கோக்க ஆரம்பித்தாள். அம்மாவின் சேதி கெடக் கூடாது, ஆனால் வெள்ளைக்கு அடுத்தாற்போல் பச்சை வரக் கூடாது. அது முடிகிற காரியம்தான். ஒரு பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட "வாடா" என்றும் சொல்லலாம், "சோறு ஆறுது" என்றும் சொல்லலாம், பிள்ளைக்குப் புரியும். அதே மாதிரி ஒரே சேதியை வேறு பாசிகளாலும் சொல்ல வழியுண்டு. சொல்வதற்குச் சுலபம். அவள் ஒவ்வொரு துண்டாகக் கோத்து ஆயிரங்கையனிடம் கொடுத்துத் தடவச் சொன்னாள். எது குத்துகிறது, எது குத்தவில்லை என்று அவன் சொல்வான். ஜோடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எந்தப் பாசி உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்துக்கூடக் குத்து மாறியது. பின்னால் இரண்டு சிவப்பு வந்துவிட்டால் அவன் "ஆ!" என்று கையை உதறுவான். வீட்டு எலியிடம் கேட்டால் அது, "எங்களுக்கு அது அவ்வளவு குத்தாது, வேறதான் குத்தும்" என்று தன் பெருமையைச் சொல்லும். எலிக்கு எப்போதும் அப்படி ஒரு நினைப்பு.

அம்மாவின் பகுதி முடிந்தது. மிச்சம் இருந்தது புளிச்சியின் சொந்த வளையம். அதை விட்டுவிட்டுச் சேதியை மட்டும் அனுப்ப முடியாது; அதில் ஏறித்தான் சேதி உள்ளே போக வேண்டும். அதிலும் அந்த ஜோடியைக் கழற்ற வேண்டும். அங்கேதான் அவள் கை நின்றது. ஏனென்றால் சின்னஞ்சிறு உயிர்களின் பேச்சு முழுவதும் அந்த ஜோடியில்தான் இருந்தது. ஒரு ஜோடியைக் கழற்றினால் ஒரு சொல் போகும். போன சொல் திரும்பி வராது. அவளில் ஒருத்தி கழற்றினால், எந்தப் பானையில் இருந்தாலும் அவள் அத்தனை பேருக்கும் போய்விடும்.

அக்காவிடம் அவள் அதைச் சொல்லவில்லை. சொன்னால் அக்கா என்ன செய்வாள்? வேண்டாம் என்று சொன்னால் மகன் போவான், சரி என்று சொன்னால் தங்கச்சி போவாள். அந்தப் பாரத்தை அவள் தலையில் ஏற்றாமல் புளிச்சியே சுமந்துகொண்டாள்.

இருளாயி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கவனித்தாள். முதலில் வசைகள் போயின. பிறகு ஒரு நாள் ஆறாத பாலை மறதியாக ஊற்றிவிட்டாள். பானையிலிருந்து சண்டையே வரவில்லை.

"ஏன்டி, சூடா இருக்குன்னு சொல்லக் கூடாதா?"

பானைக்குள் ஏதோ முனகல் கேட்டது. சூடு என்கிற சொல் அவளிடம் இல்லை. இருளாயி அவசரமாகப் பச்சைப் பாலை விட்டு ஆற்றினாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பானையைக் கட்டிக்கொண்டு, "வேணாம்டி, போதும்டி" என்றாள். பானை "அக்கா" என்று மட்டும் சொன்னது. இன்னும் கொஞ்ச நாளில் அதுவும் போயிற்று.

காயாம்புவுக்கு இதெல்லாம் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது சித்தி வருவாள் என்பது மட்டும்தான். வைக்கோல் மேல் ஊர்ந்து வந்து பானை விளிம்பில் தாடையை வைத்துக் கேட்பான்.

"சித்தி, எப்ப எனக்குள்ள வருவ?"

"வாரேன்."

"பொய் சொல்ற."

"வாரேன்."

அந்த ஒரு சொல்லைத்தான் அவள் கடைசிவரை வைத்திருந்தாள். ஒரே ஒரு ஜோடி மிச்சம் இருந்தது, அது அந்தச் சொல்லின் ஜோடி. அவன் போய் வந்ததும் அவனிடம் கேட்க அவளுக்கு எவ்வளவோ இருந்தது. கிடைக்குப் போகிற வழியில் என்ன பூத்திருக்கிறது, மாடுகள் படுத்த பிறகு மணி எப்படி ஒலிக்கிறது. எதற்கும் சொல் இல்லை. ஆசை மட்டும் அப்படியே இருந்தது.

வளையம் முடியப்போகிறது என்று இருளாயிக்குத் தெரிந்துவிட்டது. தன் விரலை மறுபடி குத்திக்கொண்டாள். "என் கோவை நுனியில குஞ்சம் இருக்காம்ல. அதைத் தடவுனா காவக்காரருக்கு அசதி வருமாம். அவரே சொன்னாரு. அதுல கொஞ்சம் எடுத்து உன்னுதுல கட்டிக்கோ. உள்ள உன்னை யாரும் நோகடிக்கக் கூடாது" என்றாள். புளிச்சி அதையும் எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

வெளியே பொழுது சாய்ந்து மாடுகள் திரும்புகிற நேரம். காயாம்பு பானைப் பக்கம் உட்கார்ந்திருந்தான்.

"வாரேன்" என்றாள் புளிச்சி.

நம்மில் யாரும் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது போகிறேன் என்று சொல்வதில்லை. வாரேன் என்றுதான் சொல்கிறோம். காயாம்புவுக்கு அது வருகிறேன் என்று கேட்டது. இருளாயிக்கு அது வேறு மாதிரி கேட்டது. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

புளிச்சி கடைசி ஜோடியைக் கழற்றினாள்.

ஆறாத காயத்தின் வழியாக வளையம் உள்ளே போனது. ஆயிரங்கையன் பிடித்துத் தடவினான். ஒரு சுற்றுச் சுற்றினான். எங்கும் குத்தவில்லை. குஞ்சம் பட்டதும் கை தளர்ந்தது. பறைப் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

"யாரது? நம்ம ஊருதானா?" என்று கேட்டான். இன்னொரு முறை தடவினான். "புளிச்சியா? நீதானா தாயி?"

வளையம் பேசவில்லை. அவன் வெகு நேரம் அதைக் கையில் வைத்திருந்துவிட்டு, மெதுவாக நூல் முறுக்குகிறவர்களிடம் கொடுத்தான். அவர்கள் தடவினார்கள். சேதி புரிந்தது. உடம்பு சூடாகவில்லை. அதற்கப்புறம் காயாம்புவின் ரத்தம் உறையாமல் இருந்ததே இல்லை.

அவன் கிடைக்குப் போனான். செருப்பில்லாமல் போனான். வழியில் இரண்டு இடத்தில் முள் குத்தியது, உட்கார்ந்து பிடுங்கிப் போட்டுவிட்டு நடந்தான். சடையன் தூரத்தில் மகன் நடந்து வருவதைப் பார்த்துக் கையில் இருந்த கம்பைக் கீழே போட்டார். அப்பாவும் பிள்ளையும் மாடுகளுக்கு நடுவே படுத்தார்கள். எல்லா மாடும் படுத்த பிறகு மணிச் சத்தம் நின்றுவிடும் என்றுதான் காயாம்பு நினைத்திருந்தான். நிற்கவில்லை. ஏதாவது ஒரு மாடு அசை போடும், ஒரே ஒரு மணி மெல்ல ஒலிக்கும். அது ஓய்ந்தால் எங்கோ இன்னொன்று.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பானைக்கு ஓடினான். "சித்தி, மணி நிக்கவே மாட்டேங்குது சித்தி! ஒண்ணு மாத்தி ஒண்ணு, தூங்கற மாட்டுக்குள்ள இருந்து வருது. ஒனக்குக் கேக்குதா?"

பானை பேசவில்லை. அவன் காதை வைத்துக் கேட்டான். "சித்தி?" என்றான் மறுபடி.

இருளாயி அப்போது தயிர் முழுவதையும் வேறு சட்டிக்கு மாற்றிவிட்டுப் பானையைக் கழுவத் தூக்கினாள். அடியில் ஒரு கரண்டித் தயிர் ஒட்டியிருந்தது. காயாம்பு அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வழிக்காதம்மா. வாரேன்னு சொல்லியிருக்கா."

இருளாயி பானையைக் கீழே வைத்தாள். அந்த ஒரு கரண்டியை அப்படியே விட்டு, அதன் மேல் பாலை ஊற்றினாள். ஊற்றுவதற்கு முன் விரலை விட்டுப் பார்த்தாள். சூடு சரியாக இருந்தது. இருந்தாலும் இன்னும் கொஞ்சம் ஆற்றினாள்.

ஆயிரங்கையன் அந்தக் குத்தை மறக்கவில்லை. மெழுகு வைத்த வெள்ளைப் பாசி நாளாக ஆகச் சிவந்துபோகுமாம். அதனால் நம் கோவையில் இப்போது அந்த ஜோடியே அருகிப்போய்விட்டது. மற்றச் சின்னஞ்சிறு உயிர்களின் வளையத்தில் இன்னும் நிறைய இருக்கிறது, அவை பேசுவதைக் கேட்கத்தான் நமக்குக் காது இல்லை. வைத்தியம் தெரிந்தவர்கள் இன்றைக்கும் அந்த வளையத்தில் நல்ல சேதியைக் கோத்து நம் உடம்புக்குள் அனுப்பிப் பார்க்கிறார்கள். உள்ளே வருவது உதவிக்கு வந்ததா, கெடுக்க வந்ததா என்று ஆயிரங்கையன் கேட்பதில்லை. விரலில் குத்தினால் பறை அடிப்பான். பறையை அடித்துவிட்டு, புளிச்சியாக இருக்குமோ என்று கொஞ்சம் காது கொடுப்பான் என்றும் சொல்கிறார்கள்.

அன்று முதல்தான் மெழுகில்லாத வளையம் உள்ளே வந்தால் நம் உடம்பு காய்கிறது. அன்று முதல்தான் தயிர்ப் பானையை எந்த வீட்டிலும் வழித்துத் துடைக்காமல் அடியில் ஒரு கரண்டி விட்டுவைக்கிறோம். நாளைக்கு உறைக்கு வேண்டும் என்று காரணம் சொல்லிக்கொள்கிறோம்.